மார்த்தாள் வீட்டுக் கல்

இந்தப் பயணத்துக்கு நான் கிளம்பியதற்குப் பெருமைதான் காரணம். பக்தி என்று எழுதலாம், படிக்கவும் நன்றாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் கம்பவுண்டராக நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். மொரீஷியஸ் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே ஏராளம். ஆனால் வீட்டிலும் வீதியிலும் அவர்கள் பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். நான் கடையில் நின்று நாலு வார்த்தை தமிழ் பேசினால், மருந்தை வாங்கிய பிறகும் போகாமல் நின்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் கூடக் கூட எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

அப்படி நின்று கேட்டவர்களில் ஒருவர்தான் ஞானமுத்து. ஐம்பது வயதிருக்கும். பாம்ப்ளமூஸுக்கு அப்பால் நான்கு மைலில், கரும்புக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னக் கிராமத்தில் அவருக்கு நான்கு ஆர்ப்பான் நிலம். ஆர்ப்பான் என்பது ஏறக்குறைய நம் ஏக்கர்தான். மாதம் ஒரு தடவை மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை வாங்க வருவார். அவர்கள் ஊரில் இங்கிலீஷ் மிஷனைச் சேர்ந்த தமிழ்ச் சபை ஒன்று இருக்கிறது, இருபத்திரண்டு குடும்பம். பட்டணத்திலிருந்து பாதிரியார் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வருவார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். வேதபாடம் வாசிக்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து காலத்தின் முதல் ஞாயிறு வருகிறதே, ஐயா வந்து வாசித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அழைப்பே இல்லாவிட்டாலும் போயிருப்பேன், அழைத்த பிறகு கேட்பானேன்.

1931 பிப்ரவரி 21ஆம் தேதி சனிக்கிழமை, கடையை மத்தியானம் அடைத்தவுடன் ஸ்டேஷனுக்குப் போனேன். வடக்கு லைன் ரயில் 1.40க்குப் புறப்பட்டது. மூன்றாம் வகுப்புச் சீட்டு பதினெட்டு சதம். வலது பக்கம் உட்காருங்கள், மலை தெரியும். ரோஷ் புவா ஸ்டேஷனைத் தாண்டும் வரை துறைமுகத்து வாடையும் கரிப்புகையும்தான். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கரும்பு வந்துவிடும். பிப்ரவரியில் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் பச்சையாக நிற்கிறது. அதற்கு மேலே பீத்தர் போத் மலை, உச்சியில் ஓர் உருண்டைக் கல்லைச் சுமந்துகொண்டு, எந்த நேரமும் விழுந்துவிடும் போலத் தெரியும். பாம்ப்ளமூஸ் வரை ஏழு மைல் தூரத்தை ரயில் நாற்பத்தைந்து நிமிஷத்தில் கடந்தது. மாட்டு வண்டியும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போகும் என்று நான் சொன்னதற்கு, எதிரே இருந்த சீனக் கடைக்காரர் சிரிக்கவில்லை.

பாம்ப்ளமூஸ் வந்து அங்குள்ள அரசாங்கத் தாவரத் தோட்டத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. ஸ்டேஷனிலிருந்து கால்நடையாகப் பத்து நிமிஷம், உள்ளே போகக் காசு இல்லை. குளத்தில் தாம்பாளம் போல விளிம்பு மடிந்த பெரிய இலைகள் மிதக்கின்றன. நிழலும் காற்றும் தாராளம், கொசுவும் தாராளம். நான்கு மணிக்கு ஸ்டேஷன் வாசலுக்குத் திரும்பினேன். ஞானமுத்து தன் தங்கை மார்த்தாளை வண்டியோடு அனுப்பியிருந்தார்.

மார்த்தாள் அம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். புருஷன் இறந்து ஆறு வருஷம், இரண்டு ஆர்ப்பான் கரும்பைத் தானே பார்த்துக்கொள்கிறார். ஒற்றை மாட்டு வண்டியை ஓட்டி வந்ததும் அவர்தான். முன்னால் அவர் பக்கத்தில் பத்து வயது மகள் ரூத், தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வண்டியின் பின்பக்கம் சாக்கு விரித்து வைத்திருந்தார்கள். முதுகுக்கு ஏதோ கடினமாக இடித்தது. கோணியால் போர்த்திய கல், பெரிய தவலை அளவு. இங்கே நிலத்தில் கிடப்பவை எல்லாம் இந்தக் கருங்கற்கள்தான், எரிமலை கக்கியவை, உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை. அவற்றைப் பொறுக்கிக் குவித்த பிறகுதான் கரும்பு நட முடியும். கல்லை எதற்கு வண்டியில் ஏற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாளைக்கு வேணும் ஐயா. ஆத்திலே கழுவினேன். அண்ணன் ஒரு பக்கம் பிடிச்சு ஏத்தி வச்சார்" என்றார். எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. ஞானமுத்துவைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நான்கு மைலுக்கு ஒரு மணி இருபது நிமிஷம் ஆயிற்று. பாதை முழுக்கச் சிவப்புச் சேறு. புதுச் செருப்போடு வராதீர்கள். வழியில் ரூத்தின் தலைத்துணி காற்றில் நழுவியபோது பார்த்தேன், தலை மொட்டையாக இருந்தது. கம்பவுண்டர் புத்தி சும்மா இருக்குமா? காய்ச்சலில் முடி கொட்டிவிட்டதா, டைபாய்டா, எத்தனை நாள், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று அடுக்கினேன். மார்த்தாள் அம்மாள் துணியைச் சரிசெய்துவிட்டு, "காய்ச்சல் போச்சு ஐயா" என்று மட்டும் சொன்னார். கூச்ச சுபாவம் என்று முடிவு செய்து, பாளையங்கோட்டையில் லெந்து நாட்களை எப்படி ஆசரிக்கிறோம் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். வண்டிக் கூலி எவ்வளவு என்று இறங்கும்போது கேட்டேன். விருந்தாளியிடம் கூலியா என்று நெற்றியைச் சுருக்கினார்.

ஞானமுத்துவின் வீடு மரச்சட்டமும் தகரக் கூரையுமாக, புயலுக்குப் பயந்து குனிந்து நிற்கிற வீடு. சாயங்காலம் ஏழு மணிக்குச் சாப்பாடு. லெந்து காலமானதால் மாமிசம் இல்லை, சோறு, பருப்பு, கீரை, பச்சை மிளகாய்ச் சட்னி. கீரையைச் சமைத்துக் கொண்டுவந்தது மார்த்தாள் அம்மாள்தான், அவர் வீடு அடுத்த வேலிக்கு அப்பால். தாவீது உபதேசியாரும் சாப்பிட வந்திருந்தார். அறுபது வயது, கறுப்புக் கோட்டு, நிதானமான பேச்சு. ஜெபங்கள் எல்லாம் மனப்பாடமாம், ஆனால் தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் வாசிக்க வருமாம். அதை வெட்கப்படாமல் அவரே சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வாசிக்க வந்தவன் நான் அல்லவா.

அவர் சொல்லித்தான் கல்லின் கதை தெரிந்தது. முன்னொரு காலத்தில் பெரும் புயலில் ஆலயத்தின் கிழக்குச் சுவர் விழுந்ததாம். அடுத்து வந்த லெந்து முதல் ஞாயிற்றில், இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் பசித்திருந்தபோது, கற்களை அப்பமாக்கிக் காட்டு என்று சோதனைக்காரன் கேட்ட பாடம் வாசிக்கப்பட்டது. அப்பமாகாத கல்லாவது சுவராகட்டும் என்று அன்றைக்கு இருந்த உபதேசியார் சொன்னாராம். அன்று முதல் இதே ஞாயிற்றில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் நிலத்திலிருந்து ஒரு கல்லைக் கழுவிக் கொண்டுவந்து சுவரில் வைக்கிறார்கள். கல் ஒருவரால் தூக்க முடியாத அளவு இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை வீட்டுக்காரர் பிடிப்பார், மறுபக்கத்தை வேறொரு வீட்டார் வந்து பிடிக்க வேண்டும். யார் கல் அன்றைக்குச் சுவர் ஏறவில்லையோ, அந்த வீட்டுக்கு அடுத்த லெந்து வரை சபையில் இடம் கிடையாது. நற்கருணை இல்லை, கலியாணம் இல்லை. இத்தனை வருஷத்தில் சுவர் வானத்தைத் தொட்டிருக்க வேண்டுமே என்றேன். புயல் வந்து பாதியைத் தள்ளிவிடும் என்றார் உபதேசியார்.

சட்னி காரத்தில் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஞானமுத்து தொண்டையைக் கனைத்தார்.

"ஐயா, ஊரிலே எப்படி? நம்ம சபை ஆள் ஒருத்தர், சொந்தக்காரங்க காவடி எடுத்தா, கூட நடந்து போனா, ஊரிலே என்ன செய்வாங்க?"

இந்தத் தீவில் 'ஊர்' என்றால் இந்தியா. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்திராதவர்களுக்கு அங்கே நடப்பதுதான் சரி, இங்கே தாங்கள் செய்வது எல்லாம் பாதிதான் என்று ஒரு எண்ணம். கப்பலிலிருந்து இறங்கியவன் வாயில் தமிழ் சரளமாக வந்துவிட்டால், அவன் சொல்வது தீர்ப்பு. கடையில் நான்கு மாதமாக நான் பார்த்தது இதைத்தானே. உபதேசியாரும் கையிலிருந்த கவளத்தை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

யோசித்திருக்க வேண்டும். யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றாவது கேட்டிருக்க வேண்டும். நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "வெளியே நிறுத்துவார்கள். அதில் சந்தேகமே இல்லை" என்றேன். அதோடு விட்டேனா? தெற்கே ஏதோ ஒரு சபையில் ஒருவரை ஆறு மாதம் வாசலுக்கு வெளியே நிற்க வைத்தார்கள் என்று கப்பலில் யாரோ சொன்ன கதையை, கண்ணால் கண்டது போலச் சொன்னேன். எல்லோரும் பேசாமல் கேட்டார்கள். மரியாதை என்று நினைத்தேன். சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த மார்த்தாள் அம்மாள் கீரைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிடாமலே தன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் உபவாசம் இருக்கிறார் என்றும் நானே நினைத்துக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்கு ஞானமுத்து காப்பி கொடுத்தார். தொட்டியில் முகம் கழுவும்போது துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர், கரும்பைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னார். போன வருஷக் கடைசியில் ரூத்துக்குக் காய்ச்சல் கண்டு பதினெட்டு நாள் இறங்கவில்லை. இவர்களுடைய பெரியம்மா மகன் வீரப்பன், மார்த்தாள் சொன்ன அந்த அண்ணன், ஆற்றங்கரையில் இருக்கிறார், அந்தக் குடும்பம் இந்துவாகவே இருந்துவிட்ட கிளை. பிள்ளை பிழைத்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று அவர் முருகனுக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. இந்த மாத ஆரம்பத்தில் அவர் காவடி எடுத்தபோது, மார்த்தாள் பத்து நாள் விரதம் இருந்து, பிள்ளைக்கு மொட்டையடித்து, பால்செம்போடு கூடவே கோவில் வரை நடந்தார். சபையில் பாதிப் பேர் அதைப் பார்த்தார்கள். கல்லை ஏற்றலாமா கூடாதா என்று மூன்று வாரமாகப் பேச்சு. உபதேசியாருக்கு முடிவு செய்ய மனம் வரவில்லை. ஊரிலிருந்து வந்த ஐயா ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்போம் என்று ஞானமுத்துதான் சொல்லியிருக்கிறார்.

"நீங்க அப்படியெல்லாம் தள்ளமாட்டாங்கன்னு சொல்வீங்கன்னு நினைச்சேன், ஐயா" என்றார்.

இதை நேற்றே என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன். செய்த தப்பு நம்முடையது என்று தெரிந்த பிறகு வருகிற கோபம் இருக்கிறதே, அது.

"சொல்லிக் கொடுத்து நீங்க சொன்னா, அது சாட்சி இல்லையே" என்றார் ஞானமுத்து.

துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டேன். இன்னும் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. எனக்கு எட்டு வயதில் என் தம்பிக்கு அம்மை கண்டது. என் தாயார் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர். தம்பிக்கு இறங்கியதும் கூழ் காய்ச்சி, வேப்பிலை சொருகிய பானையை எடுத்துக்கொண்டு மாரியம்மன் கோவிலுக்கு விடியற்காலையில் போனார். பானையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனது நான்தான். தெருவுக்கே தெரியும், குருவானவர் வீட்டுக்கும் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தாயார் வழக்கமான பாயில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கப்பல் கதை நினைவிருந்த எனக்கு இது நினைவில்லாமல் போயிற்று.

ஆலயம் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. வெள்ளையடித்த சுவர், தகரக் கூரை, ஒரு சின்ன மணி. கிழக்குப் பக்கம் இடுப்பளவு கருங்கல் சுவர். வாசலில் இருபது இருபத்திரண்டு கற்கள் ஈரத்தோடு வரிசையாக இருந்தன, சிலவற்றில் குழந்தைகள் பூ வைத்திருந்தார்கள். வீரப்பன் என்கிறவரையும் பார்த்தேன். மார்த்தாள் அம்மாளோடு சேர்ந்து அவர் கல்லை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, வேலிக்கு வெளியே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் இறக்கி வைத்த இடத்தில், வரிசையிலிருந்து நாலடி தள்ளி, அந்தக் கல் தனியாகக் கிடந்தது. மார்த்தாள் அம்மாளும் மகளும் அதன் பக்கத்தில் வெளியே நின்றுகொண்டார்கள். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு ஆராதனை தொடங்கிற்று. ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம், பீடத்தில் ஊதாத் துணி. தமிழ்க் கீர்த்தனை பாடினார்கள். ரகரத்தைத் தொண்டைக்குள் உருட்டி, ழகரத்தை லகரமாக்கி, பிரெஞ்சுக்காரர்கள் தமிழ் பாடுவது போல இருந்தது. முந்தின நாளாயிருந்தால் உள்ளுக்குள் சிரித்திருப்பேன். அர்த்தம் பாதிதான் தெரியும் என்று பிறகு சொன்னார்கள், ஆனால் ஒருவர்கூடப் புத்தகத்தைப் பார்க்கவில்லை, எல்லாம் நெஞ்சிலிருந்து வந்தது. உபதேசியார் பாவ அறிக்கை ஜெபத்தைச் சொல்ல, எல்லோரும் முழங்காலில் நின்று திருப்பிச் சொன்னார்கள்.

பாடம் வாசிக்க எழுந்தேன். வனாந்தரம், பசி, கற்கள், தேவாலயத்து உப்பரிகை. சோதனைக்காரன் கேட்டதெல்லாம் நீ யார் என்று காட்டு, காட்டு என்பதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நன்றாக வாசித்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பிறகு எல்லோரும் வெளியே சுவருக்குப் பக்கத்தில் கூடினார்கள். உபதேசியார் பிரெஞ்சு எழுத்தில் எழுதிய பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கல்லின் ஒரு பக்கத்தைப் பிடிக்க, வேறொரு வீட்டுக்காரர் சொல்லாமலே முன்னே வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். தூக்கி, வைத்து, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கை நசுங்கும்போது கிரியோலில் இரண்டு வார்த்தை வரும், உடனே சிரிப்பும் வரும். ஞானமுத்துவின் கல்லை உபதேசியாரின் மருமகன் பிடித்தார். இருபத்தொரு கல் ஏறியது. உபதேசியார் பட்டியலை மடித்தார்.

நான் பேச வேண்டும் என்றேன். வெயில், எல்லோருக்கும் வியர்வை, ஆனாலும் நின்றார்கள், உள்ளே போனவர்களும் திரும்பி வந்தார்கள். நேற்று இரவு நான் சொன்னது எனக்குத் தெரியாத கதை என்றேன். தெரிந்த கதை இது என்று சொல்லி, என் தாயாரையும் கூழ்ப்பானையையும், அதைப் பிடித்துக்கொண்டு போன என்னையும் பற்றிச் சொன்னேன். என் தாயாரை யாரும் வெளியே நிறுத்தவில்லை என்றேன். தமிழ் புரியாத இளையவர்களுக்கு ஞானமுத்து கிரியோலில் சொன்னார். சொல்லி முடித்ததும், அப்பாடா என்று போய் மார்த்தாள் அம்மாளின் கல்லுக்கு மறுபக்கம் குனிந்தேன். காரியம் முடிந்தது என்றே நினைத்தேன்.

"நீங்க வேண்டாம் ஐயா" என்றார் மார்த்தாள் அம்மாள்.

நிமிர்ந்தேன்.

"நேத்து நீங்க வெளியேன்னு சொன்னீங்க, வெளியே நின்னேன். இன்னைக்கு நீங்க உள்ளேன்னு சொல்றீங்க. நாளைக்கு வேறே கப்பல் வரும், வேறே ஐயா வருவார். இங்கே இருக்கிறவங்க பிடிக்கணும்."

பிறகு அவர் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். தமிழில் தொடங்கி, தமிழ் போதாமல் கிரியோலுக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்தார். தங்கை சொன்னதை ஞானமுத்து எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார்: பிள்ளைக்காக அண்ணன் நேர்ந்துகொண்டார், அவரைத் தனியாக நடக்கவிட எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு நாளும் நான் இந்த ஆலயத்தில் முழங்காலில் நின்றேன், அதையும் நீங்கள் பார்த்தீர்கள். எதனால் சுகமாயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது. அழவில்லை. ரூத் தலைத்துணியை எடுத்துவிட்டு, மொட்டைத் தலையோடு தாயின் பக்கத்தில் நின்றாள்.

கல்லைப் பிடிக்க யாரும் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பயணக் கட்டுரைக்காரன் பார்த்திருக்க வேண்டும். ஞானமுத்து ஓரடி வைத்தார், உடனே நின்றார், கூடப்பிறந்தவன் வேறு வீட்டாராக மாட்டான் என்பது வழக்கம். வேலிக்கு வெளியே வீரப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

உபதேசியார் பட்டியலை விரித்து என்னிடம் நீட்டினார். "எனக்குத் தெரியலே, அதனாலேதான் உங்களைக் கேட்டேன். அது என் தப்பு" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். "நீங்க வாசிக்க வந்தீங்க. வாசிங்க."

வாங்கிப் பார்த்தேன். ஞானமுத்துவின் பெயருக்குக் கீழே ஒரு பெயர் எழுதி, பென்சிலால் ஒரு கோடு அடித்திருந்தது. கோடு புதியது. உபதேசியார் கறுப்புக் கோட்டைக் கழற்றிச் சுவரின் மேல் வைத்துவிட்டுப் போய், கல்லின் மறுபக்கம் குனிந்து, பிடி கிடைக்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மார்த்தாள் வீடு" என்று வாசித்தேன்.

கல் மேலே ஏறியது. அறுபது வயசுக்காரருக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து இரண்டு பெண்கள் ஓடிவந்து கை கொடுத்தார்கள். மூன்று பேர் கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார்கள், அதையும் எழுதிவிடுகிறேன். அவர்களில் ஒருவர் மீதி ஆராதனைக்கு இருக்காமல் போய்விட்டார். மற்றவர்கள் உள்ளே போனோம். மார்த்தாள் அம்மாளும் ரூத்தும் வலது பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த இடத்தைக் காலையிலிருந்து யாரும் நிரப்பாமல் விட்டு வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பிப்ரவரி, மார்ச் இங்கே புயல் காலம், கிளம்புமுன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பாம்ப்ளமூஸிலிருந்து ஞாயிறன்று கடைசி ரயில் 4.35க்கு, அதை விட்டால் திங்கட்கிழமைதான். குடை, கொய்னா மாத்திரை, பழைய செருப்பு மூன்றும் அவசியம். கிராமத்தில் கடை இல்லை, ஆனால் சாப்பாட்டுக்குக் குறை வைக்க மாட்டார்கள், காசு கொடுத்தால் வருத்தப்படுவார்கள். ஆராதனை காலை எட்டு மணிக்கு, லெந்து முதல் ஞாயிறானால் பதினொன்று வரை போகும். கல் தூக்க உங்களைக் கூப்பிட மாட்டார்கள், நீங்களாகவும் குனியாதீர்கள்.

இன்னொன்று. ஊரிலே எப்படி என்று உங்களை யாராவது கேட்டால், உடனே பதில் சொல்லாதீர்கள். யாருக்காகக் கேட்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். உங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கே எவ்வளவு தெரியும் என்பதும் அதற்குள் நினைவுக்கு வந்துவிடும். எனக்கு ஓர் இரவு தாமதமாக வந்தது, அதனால் ஒரு பெண் காலையில் வாசலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. மன்னிப்புக் கேட்டேன். சரி ஐயா என்றார்.

ஸ்டேஷனுக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டதும் மார்த்தாள் அம்மாள்தான். பின்பக்கம் இப்போது கல் இல்லை, சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லாமல் நான்கு மைலும் குலுங்கிக்கொண்டு வந்தேன், என் ஊர்க் கதை எதையும் எடுக்கவில்லை. ரூத் மட்டும் பீத்தர் போத் மலையைக் காட்டி, அந்தக் கல் எப்போது விழும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். நான்கு மாதத்தில் இந்தத் தீவில் நான் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இறங்கியதும் நேற்றைப் போலவே கூலி எவ்வளவு என்று கேட்டேன், நெற்றியைச் சுருக்குவார் என்று எதிர்பார்த்து.

"ஐம்பது சதம், ஐயா" என்று மார்த்தாள் அம்மாள் கையை நீட்டினார்.

கொடுத்தேன். ஆகவே வண்டிக் கூலியை இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள்: போகும்போது ஒன்றுமில்லை, திரும்பும்போது ஐம்பது சதம். நியாயமான கூலிதான்.